காமிராவுக்கு நினைவட்டை தேர்தல்

முதன்முதலாகக் காமிரா வாங்க எண்ணும் மாணவர் ஒருவர் அதனைப் பற்றி ஆராயாத செய்தியில்லை. எந்த நிறுவனத்தாரது காமிரா நன்று, லென்சு ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா, டிரைபாட் இப்பொழுதே வாங்குவதா பின்னர் வாங்குவதா என்று திங்கட்கணக்கில் நண்பரை வினவியும் பத்திரிகைகளைப் புரட்டியும் ஓய்ந்தபின், ஒரு நாள் கடைக்குச் சென்று விலையைக் கொடுத்துக் காமிராவைப் பெற்றுக்கொள்கின்றார். கடைவாயிலைத் தாண்டும்பொழுது நினைவு வந்தவராய்த் திரும்பி, கையில் எஞ்சிய சில்லறையை எண்ணிப் பார்த்து, "ஒரு மெமரி கார்டும் கொடுங்கள்" என்கின்றார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது எதுவோ, அதுவே அவருக்கு வாய்த்தது. இங்ஙனம் கடைசி நொடியில், கடைசி ரூபாயில், பிறர் கையால் தேர்ந்தெடுக்கப்படும் அச்சிறு பொருளைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். இக்கட்டுரையில் அதனை நினைவட்டை என்று வழங்குவேன். கடையிற் கேட்கும்பொழுது மட்டும் மெமரி கார்டு என்றே கேட்க. இல்லையேல் வாழ்த்து அட்டை விற்குமிடத்தைக் காட்டிவிடுவர்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. 2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் மிக்சாம் புயல் சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்திச் சென்றதை அன்பர்கள் மறந்திரார். வெள்ளம் வடியுமுன்னரே வடசென்னையார்க்கு வேறொரு துன்பம் நேர்ந்தது. மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளநீரோடு கலந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கிப் பரவிற்று. கரையில் கட்டியிருந்த படகுகளின் பக்கங்கள் கறுத்தன. வலைகள் பிசுபிசுத்து உதவாமற் போயின. நீர்ப்பறவைகளாகிய கூழைக்கடாக்களின் வெள்ளைச் சிறகிலும் எண்ணெய் ஏறிற்று. அப்பகுதிக் குப்பம் ஒன்றிற் பிறந்து நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், புதிதாக வாங்கிய காமிராவை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் முழுவதும் கரையிலேயே நின்றார். தம் சிற்றப்பாவின் ஃபைபர் படகை அதன் பதிவெண் தெரிய எடுத்தார். அயலார் வலைகளை ஒவ்வொன்றாக விரிக்கச்செய்து எடுத்தார். நட்டத்தைக் கணக்கெடுக்க வருவோரிடம் காட்ட உதவும் என்பது ஒன்று. என்றைக்கேனும் ஒருவர் 'அங்ஙனம் ஒன்று நடந்ததா?' என்று வினவினால் விடையாக இருக்கட்டும் என்பது மற்றொன்று. ஏறக்குறைய அறுநூறு படங்கள் தேறின. மூன்றாம் நாள் கணினியில் இட்டுப் பார்த்தபொழுது, முதல் இருநூற்றுச் சொச்சம் படங்கள் திறந்தன. எஞ்சியவற்றின் பெயரும் எண்ணும் அளவும் வரிசையாக நின்றன. படம் மட்டும் இல்லை. என்னிடம் அட்டையைக் கொண்டுவந்து, "ஐயா, படங்கள் இருக்கின்றன, ஆனால் இல்லை" என்று அவர் கூறிய சொல் இன்றும் என் செவியில் உள்ளது. அதற்குள் படகுகளைத் துடைத்துவிட்டார்கள்.

அவ்வட்டையின் முகத்தில் 128 ஜிகாபைட்டு என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்தது 8 ஜிகாபைட்டு. விற்ற கடையின் பெயர் ஈண்டு வேண்டா. கடைக்காரரும் அதனை அறிந்தே விற்றாரோ, அவரும் ஏமாந்தவரோ, யாரறிவார். அஃது எவ்வாறு இயலும் என்பதை அறியவேண்டின், நினைவட்டை என்பது யாதென முதற்கண் அறிதல் வேண்டும்.

பழைய நாளில் நிழற்படம் எடுப்போர் பொருளைத் தம் கண்முன்னே கண்டனர். 1850களின் பிற்பகுதியிற் சென்னை அரசாங்கத்தாரின் நிழற்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்பார் திருவரங்கம், தஞ்சை, மதுரை முதலிய ஊர்களுக்குச் சென்றபொழுது, மெழுகூட்டிய பெரிய தாள்களிற் படத்தைப் பதித்துக் கொணர்ந்தார். அத்தாளைக் கையிற் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினால் கோபுரம் தெரியும். 1934இற் கோடக் கம்பெனியார் கொணர்ந்த 35 மில்லிமீட்டர்ச் சுருட்பெட்டியிலும் அவ்வாறே. கழுவிய பின்னர்ப் படம் கண்ணுக்குப் புலனாம். முப்பத்தாறு படம் எடுத்தால் முப்பத்தாறும் அங்கே இருக்கும். முப்பத்தேழாவது எடுக்கப் போனால் சுருள் நகராது நின்று உண்மையைச் சொல்லிவிடும். நினைவட்டையோ, தன்னுள் என்ன உள்ளதென்று தானே வாய்திறந்து சொன்னாலன்றி நாம் அறிய வழியில்லை.

அட்டையினுள்ளே இருப்பன இரண்டு. ஒன்று சேமிக்கும் சில்லு. மற்றொன்று அதனை ஆளும் சில்லு. சேமிக்கும் சில்லில் மின்காப்புச் சுவரால் நாற்புறமும் அடைபட்ட நுண்ணிய அறைகள் கோடானுகோடி உள்ளன. அவ்வறைகளுட் சில எலெக்ட்ரான்களைப் புகுத்தி அடைத்துவிட்டால், மின்சாரம் நின்ற பின்னரும் அவை வெளியேறாமல் அங்கேயே தங்கும். தங்கியுள்ள அளவை அளந்தறிதலே படித்தல், வெளியேற்றுதலே அழித்தல். இம்முறையைக் கண்டவர் ஜப்பான் தேசத்துத் தோஷிபா கம்பெனியிற் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா என்பார். அவர் இதனை 1984இல் உலகுக்கு அறிவித்தார். இன்று அட்டைகளில் வழங்கும் நாண்ட் என்னும் வகை 1987இல் வெளிப்பட்டது. பெரும் பகுதியை ஒரே கணத்தில் அழிக்கவல்ல இதன் இயல்பைக் கண்ட உடன்பணியாளர் ஒருவர், காமிராவின் பளிச்சொளி நினைவுக்கு வர, ஃபிளாஷ் என்று பெயரிட்டனராம். காமிராவிலிருந்து பெயரைப் பெற்ற பொருள் பின்னாளிற் காமிராவுக்குள்ளேயே வந்து குடிபுகுந்தது வியப்புத்தான்.

ஆளும் சில்லின் தொழில், காமிரா கொடுப்பதை வாங்கி எந்த அறையில் வைப்பது என்று தீர்மானித்தலும், "உன்னுள் எவ்வளவு இடம்?" என்று காமிரா வினவினால் விடை கூறுதலுமாம். போலி செய்வோர் கைவைப்பது இங்கேதான். 8 ஜிகாபைட்டுச் சில்லை வைத்து, ஆளும் சில்லுக்கு மட்டும் '128 என்று சொல்' எனக் கற்பித்துவிடுகின்றனர். காமிரா அதனை நம்புகின்றது. எட்டு நிரம்பும்வரை யாதொரு குறையும் தோன்றாது. நிரம்பிய பின்னர் வருவதை அட்டை வாங்கிக்கொண்டதாகத் தலையசைத்துவிட்டுக் கைவிடுகின்றது. சில அட்டைகளோ முதலிலிருந்த படத்தின் மேலேயே எழுதி அதனையும் கெடுக்கின்றன. கோப்புகளின் பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் அட்டையின் தொடக்கத்திலேயே எழுதப்படுவதால் அது மட்டும் பிழைத்திருக்கும். படமெடுத்தவுடன் காமிராவின் திரையில் தோன்றும் காட்சியும் காமிராவின் சொந்த நினைவகத்திலிருந்தே வருவதாதலின், எடுப்பவருக்கு ஐயம் எழாது. நம் மாணவர் தம் காமிராவில் மூலவடிவாகிய ரா கோப்பும் ஜேபெக் கோப்பும் ஒருங்கே பதியுமாறு வைத்திருந்தார். படம் ஒன்றுக்கு 35 மெகாபைட்டு ஆகும். 8 ஜிகாபைட்டை அதனால் வகுத்தால் இருநூற்றிருபத்தெட்டு வரும். அவருக்குத் திறந்த படங்களின் தொகையும் அதனையொட்டியே நின்றது.

இனி, புதிதாக வாங்குவோர் முறையாக எதனை நோக்கவேண்டும் என்பதைச் சொல்வேன்.

முதற்கண் வடிவம். இதிற் காமிராவே ஆசிரியர். நாம் கேட்டு நடப்பதே கடமை. பெரும்பாலான காமிராக்கள் 1999இற் சான்டிஸ்க், மட்சுஷிட்டா, தோஷிபா என்னும் மூன்று கம்பெனியார் சேர்ந்து வகுத்த எஸ்.டி. அட்டையை ஏற்பன, 32 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. கைபேசியில் இடும் விரல்நுனி அளவான மைக்ரோ எஸ்.டி. அட்டையை ஓர் உறையிற் செருகியும் இதற்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். ஆனால் இணைப்புகள் ஒன்றுக்கு இரண்டாவதால் தொல்லையும் இரண்டு. நேரே பொருந்துவது கிடைக்கும்பொழுது இடையில் ஓர் உறை எதற்கு? பழைய பெரிய காமிராக்கள் சில காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையையும், அண்மையில் வந்த உயர்விலைக் காமிராக்கள் சில சி.எஃப். எக்ஸ்பிரஸ் அட்டையையும் கேட்கும்.

எஸ்.டி. அட்டையுள்ளும் தலைமுறைகள் உண்டு. எஸ்.டி. என்று மட்டும் பொறித்தது 2 ஜிகாபைட்டு வரையிலும், எஸ்.டி.எச்.சி. என்பது 32 வரையிலும், எஸ்.டி.எக்ஸ்.சி. என்பது அதற்கு மேல் 2 டெராபைட்டு வரையிலும் கொள்ளும். புதிய காமிரா பழைய அட்டையை ஏற்கும். பழைய காமிரா புதிய அட்டையை ஏலாது. தமையனாரோ மாமாவோ கொடுத்த பழைய காமிராவிற் பழகுவோர் இதனை மறத்தல் கூடாது. 2009க்கு முற்பட்ட காமிராவில் 64 ஜிகாபைட்டு அட்டையை இட்டுவிட்டுக் காமிரா கெட்டதென்று வருந்தினாரும் உளர்.

அடுத்தது கொள்ளளவு. இதிற் பேராசையே பெரும்பிழை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் காமிராவின் ஜேபெக் படம் ஒன்று 10 மெகாபைட்டு அளவிலும், ரா கோப்பு ஒன்று 25 மெகாபைட்டு அளவிலும் இருக்கும் எனக் கொள்வோம். 32 ஜிகாபைட்டில் ஜேபெக் மூவாயிரத்துக்கு மேலும், ரா ஆயிரத்துக்கு மேலும் அடங்கும். விடியற்காலையிற் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குச் சென்று, விசைப்படகுகள் வந்தணைவதையும், பனிக்கட்டி உடைப்பதையும், வஞ்சிரமும் வவ்வாலும் சங்கராவும் கூடை கூடையாக ஏலம் போவதையும் படம்பிடிக்கும் ஒருவர், வெயில் ஏறித் திரும்புமுன் மூவாயிரம் படம் எடுத்தாராயின், அவர் பார்த்ததைவிட அமுக்கியது மிகுதி என்றுதான் சொல்லவேண்டும். அசையாப் படம் மட்டும் எடுப்பவருக்கு 32 அல்லது 64 ஜிகாபைட்டு அட்டைகள் இரண்டு, 256 அட்டை ஒன்றினும் மேலானவை. ஒன்று கெட்டால் மற்றொன்று எஞ்சும். ஒன்று தொலைந்தால் பாதி நாள் தப்பும். என் மாணவர் அவ்விரண்டு நாட்களில் நாளுக்கொரு அட்டையாக மாற்றியிருந்தாற்கூட, முதல் நாளைப்போல இரண்டாம் நாளிலும் இருநூறு படம் தப்பியிருக்கும்.

64 ஜிகாபைட்டு அட்டையைக் கணினியில் இட்டால் 59.6 என்று காட்டுவது கண்டு சிலர் போலியென்று அஞ்சுவர். அஃது ஏமாற்றமன்று. செய்வோர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி 6,400 கோடி பைட்டுகளை 64 என்கின்றனர். விண்டோஸ் கணினி 1,024ஆற் பெருக்கும் வழக்கமுடையதாகலின் அதே அளவை 59.6 என்கின்றது. படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டதுபோலத்தான்.

வேகத்தைப் பற்றியே மக்கள் மிகுதியும் மயங்குகின்றனர். அவர்களை மயக்குவதற்கே அட்டையின் முகம் அச்சிடப்படுகின்றதோ என்று ஐயுறவேண்டியுள்ளது. பெரிய எழுத்தில் 170 என்றும் 200 என்றும் காண்பது, பெரும்பாலும் அட்டையிலிருந்து கணினிக்குப் படத்தைப் படித்தெடுக்கும் உச்ச வேகம். காமிராவுக்கு வேண்டுவது அதுவன்று. எழுதும் வேகமே வேண்டும். அதிலும் உச்ச வேகத்தினும், இடையறாது தாங்கும் குறைந்த வேகமே இன்றியமையாதது. ஓட்டப்பந்தய வீரன் நூறு கெஜத்தை எத்தனை நொடியிற் கடந்தான் என்பது வேறு. மூட்டை சுமப்பவர் நாள் முழுதும் எந்நடை நடப்பார் என்பது வேறு. துறைமுகத்தருகே வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதின்று.

இக்குறைந்த வேகத்தைச் சிறு குறிகளாக அட்டையின் மூலையிற் பொறித்திருப்பர். சி என்னும் ஆங்கில எழுத்தின் வளைவினுள் 10 என்றிருந்தால், நொடிக்கு 10 மெகாபைட்டேனும் எழுதும் என்பது பொருள். யூ எழுத்தினுள் 1 என்றிருந்தால் அதே 10. 3 என்றிருந்தால் 30. வி என்னும் எழுத்தையடுத்து 30, 60, 90 என்று வருவன, சொன்ன எண்ணையே நொடிக்கு மெகாபைட்டுக் கணக்கில் உறுதிசெய்வன. பெரிய எண்ணை விடுத்து இச்சிறு குறியைப் படிக்கப் பழகியவர் பாதித் தேர்ச்சி பெற்றவராவர்.

எவ்வளவு வேகம் வேண்டும்? அஃது எடுக்கும் பொருளைப் பொறுத்தது. இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை எடுக்க எந்த அட்டையும் போதும். 1856 முதல் அங்கேயே நிற்கும் அந்நிலையம் நம் அட்டைக்காகச் சிறிது காத்திருக்கும். எண்ணூர்க் கழிமுகத்திற் கூழைக்கடா ஒன்று நீரை உதைத்தெழுவதை எடுப்போமாயின், நொடிக்கு எட்டுப் படமாக மூன்று நொடி அமுக்குவோம். இருபத்துநான்கு ரா கோப்புகள், 600 மெகாபைட்டு. காமிரா இவற்றை முதலில் தன் இடைநினைவகத்தில் வாங்கிக்கொண்டு, பின்னர் அட்டைக்கு இறக்குகின்றது. நொடிக்கு 60 மெகாபைட்டு எழுதும் அட்டையாயிற் பத்து நொடியில் இறக்கிவிடும். 20 எழுதுவதாயின் முப்பது நொடியாம். அம்முப்பது நொடியில் அடுத்த பறவை எழும். காமிராவோ சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு வாளாவிருக்கும். பறவை, விளையாட்டு, அலையில் ஏறும் படகு ஆகியவற்றை எடுப்போருக்கு மட்டுமே இவ்வேகத்திற்காகச் செலவிடுதல் தகும்.

அசையும் படம் எடுப்போர் ஒரு சிறு வலையில் விழுவதுண்டு. காமிராவின் கையேட்டில் '4கே, 100' என்று கண்டு, 'நூறு வேகம் வேண்டும் போலும்' என்று விலையுயர்ந்த அட்டையைத் தேடுவர். அந்நூறு மெகாபிட்டு, அட்டையிலிருப்பது மெகாபைட்டு. எட்டுப் பிட்டு ஒரு பைட்டு. ஆகவே வேண்டுவது நொடிக்கு 12.5 மெகாபைட்டே. யூ 1 போதாது. யூ 3 அல்லது வி 30 தாராளம். திருவொற்றியூரில் நடக்கும் திருமணம் ஒன்றை இவ்வாறு பதிவுசெய்தால் மணிக்கு 45 ஜிகாபைட்டு ஆகும். 64 ஜிகாபைட்டு அட்டை ஒன்றரை மணிக்குச் சற்றுக் குறைவாகவே வரும். தாலிகட்டும் வேளை எதுவென்று முன்னரே கேட்டறிந்து, அதற்குமுன் புதிய அட்டையை இட்டுக்கொள்ளுதல் நலம்.

அட்டையின் பின்புறத்திற் பொன்முலாம் பூசிய இணைப்புகள் ஒரு வரிசையாகவும், சிலவற்றில் இரு வரிசையாகவும் இருப்பதைக் காணலாம். இரு வரிசையுடையது யூ.எச்.எஸ். இரண்டாம் வகை. அதன் விலை பன்மடங்கு. ஒரு வரிசை மட்டும் உடைய காமிராவிலும் அது வேலை செய்யும். ஆனால் முதல் வகையின் வேகத்திலேயே செய்யும். தொடக்கநிலைக் காமிராக்களிற் பெரும்பாலன முதல் வகையே ஏற்பன. கையேட்டைப் பாராமல் இரண்டாம் வகை வாங்குதல், மாட்டுவண்டிக்கு மோட்டார்ச் சக்கரம் பூட்டுவதை ஒக்கும்.

ஆகத் தொடங்குவோர் பெரும்பான்மையோருக்கு வேண்டுவது, பெயர்பெற்ற நிறுவனத்தாரது வி 30 குறியுள்ள 64 ஜிகாபைட்டு எஸ்.டி. அட்டை இரண்டு. இதனைச் சொல்ல இவ்வளவு நீட்ட வேண்டுமோ என்பார்க்கு விடை, அட்டையை வாங்குதல் வேறு, வாங்கியது அதுதானா என்று அறிதல் வேறு என்பதே.

வடசென்னையார்க்குக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் பிழைப்புக்கென்று 1960களின் இறுதியில் துறைமுகத்தையொட்டி எழுந்த பர்மா பஜாரும், அண்ணா சாலைக்கருகே ரிச்சி தெருவும் அண்மையிலேயே உள்ளன. வீட்டிலிருந்தபடியே வருவித்துக்கொள்ள இணையக் கடைகளும் உள. எங்கு வாங்கினும் ரசீது கேட்க. பிறவிடங்களில் விற்பதிற் பாதி விலைக்கு ஒருவர் கொடுத்தால் மகிழாது ஐயுறுக. உறையின் அச்சு மங்கியிருத்தல், எழுத்துப்பிழை, வரிசை எண் இன்மை ஆகியன போலிக்கு அடையாளம் என்பர். அவை உண்மையே; எனினும் உறையை அச்சிடுவோரும் தேர்ச்சி பெற்றுவிட்டனராதலின், கண்ணை மட்டும் நம்புதல் போதாது. உத்தரவாதச் சீட்டும் ஓரளவுக்கே துணை. அட்டை கெட்டால் வேறு அட்டை கொடுப்பர். படகை மீண்டும் எண்ணெயில் தோய்த்துக் கொடுப்பவர் யாருமிலர்.

ஐயமற அறியும் வழி ஒன்றுண்டு, செலவில்லாதது. அட்டையை முழுவதும் நிரப்பி, நிரப்பியதை மீண்டும் படித்து, இரண்டும் ஒக்கின்றனவா என்று பார்ப்பதே அது. இதனைச் செய்ய விண்டோஸ் கணினிக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் செயலியும், லினக்ஸ், மாக் கணினிகளுக்கு எஃப்3 என்னும் செயலியும் விலையின்றிக் கிடைப்பன. நொடிக்கு 40 மெகாபைட்டு எழுதி 80 படிக்கும் 64 ஜிகாபைட்டு அட்டைக்கு, எழுத ஏறக்குறைய இருபத்தேழு நிமிடமும் படிக்கப் பதின்மூன்று நிமிடமும் ஆகும். முக்கால் மணிக்குள் முடிந்தது. அட்டை சொல்வது பொய்யாயின் இச்சோதனையில் தப்பாது. எழுதும் வேகமும் உடன் தெரியவரும். செயலியை நிறுவ அறியாதார், கணினியிலுள்ள பெரிய அசைபடக் கோப்புகளை அட்டை நிரம்புமட்டும் ஏற்றி, பின்பு அட்டையைக் கழற்றி மறுபடி இட்டு, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாலும் ஓரளவு விளங்கும். புதுப் பானையை வாங்குமுன் விரலாற் சுண்டிப் பார்க்கின்றோம். இதனையும் அவ்வாறே பார்த்தல் வேண்டும். சோதனை முடித்தபின் ரசீதோடு உடனே சென்றால் மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. ஆறு திங்கள் கழித்துச் சென்றால் வழியில்லை.

சோதித்த அட்டையைக் கணினியிலன்றிக் காமிராவிலேயே ஃபார்மட் செய்துகொள்க. ஒவ்வொரு முறை படங்களை வீட்டில் இரண்டிடத்திற் படியெடுத்த பின்னர், மீண்டும் அவ்வாறே செய்க. சிவப்பு விளக்கு எரியும்பொழுது அட்டையைக் கழற்றுவதும், மின்கலம் சாகும் தறுவாயில் எடுத்துக்கொண்டேயிருப்பதும் பெயர்ப்பட்டியலைக் கெடுக்கும். தவறிப் படத்தை அழித்துவிட்டாலோ, அஞ்சவேண்டா. பெயர்ப்பட்டியலில் அடித்தல் விழுந்ததேயன்றிப் படம் பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். அந்நொடியே அவ்வட்டையில் மேலும் எடுப்பதை நிறுத்திவிட்டால், மீட்கும் செயலிகளைக் கொண்டு மீட்கலாம். போலி அட்டையிற் போனதை மட்டும் எச்செயலியாலும் மீட்க இயலாது. ஒருபொழுதும் எழுதப்படாததை எங்ஙனம் மீட்பது? நம் மாணவர்பொருட்டு நானும் இரண்டு இரவு விழித்து முயன்று பார்த்தேன்.

நம் கடற்கரைக்கென்று சில எச்சரிக்கை உண்டு. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் காற்றில் உப்பு மிகுதி. கரையில் மணல், ஆலைப்பக்கத்தில் நுண்தூசி. அட்டையின் உட்பகுதிக்கு இவை பெரிதும் தீங்கு செய்யா. இணைப்புகளிற் படிந்தாற் காமிரா அட்டையை அறியாது விழிக்கும். ஈரக்கையால் இணைப்பைத் தொடலாகாது. மாற்றும் அட்டையைச் சட்டைப்பையில் நாணயங்களோடு இடாது, மூடியுள்ள சிறு பெட்டியில் வைக்க. அழுக்குப் படிந்தால் உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றியெடுக்க. பக்கவாட்டிலுள்ள சிறு பூட்டுத்தாழ் தளர்ந்து தானே நழுவினால் 'அட்டை பூட்டப்பட்டது' என்று காமிரா மறுக்கும். அது வெறும் பிளாஸ்டிக் துண்டே, மேலே தள்ளிவிட்டால் தீர்ந்தது. அடிக்கடி நழுவுமாயின் அவ்வட்டையை முதன்மையான நாட்களுக்குக் கொண்டுசெல்லற்க. ஆண்டுக்கணக்கிற் படங்களை அட்டையிலேயே விட்டுவைத்தலும் தகாது. அறைகளிலடைத்த எலெக்ட்ரான்கள் மெல்லமெல்லக் கசிவன.

நிற்க. நம் மாணவரின் எஞ்சிய இருநூற்றுச் சொச்சம் படங்களில் அவர் சிற்றப்பாவின் படகு இருந்தது. முதல் நாள் காலையிலேயே அதனை எடுத்திருந்தமையால் தப்பிற்று. அயலார் வலைகளும், இரண்டாம் நாள் கண்ட கூழைக்கடாவும் தப்பவில்லை. வலைக்குரியவர்களிடம் சென்று, "படம் கெட்டுவிட்டது" என்று வீடு வீடாகச் சொல்லிவந்ததே தமக்கு மிகக் கடினமாயிருந்ததென்றார். "போனாற் போகிறது தம்பி, நீ வந்து நின்றாயே" என்று ஒரு முதியவர் சொன்னாராம். கணக்கெடுப்போர் பின்னர் நேரிலேயே வந்து பார்த்தனர். குடும்பங்களுக்கும் படகுகளுக்கும் அரசினர் நிவாரணம் அளித்தனர். மாணவர் இப்பொழுது 64 ஜிகாபைட்டு அட்டைகள் இரண்டு வைத்திருக்கின்றார். இரண்டின் முகத்திலும் வெள்ளை மையால் ஒரு தேதி எழுதியிருக்கின்றது. வாங்கிய தேதியா என்று கேட்டேன். "இல்லை ஐயா, முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்த தேதி" என்றார். பழைய அட்டையையும் எறிந்துவிடவில்லை. முகத்திலிருந்த 128ஐ அடித்து 8 என்றெழுதி, காமிராப் பையின் அடியிற் போட்டுவைத்திருக்கின்றார்.